பம்பு என் பையில்

அக்காவும் அத்தானும் பிரிந்தபோது வீட்டுச் சாமான்களையும் பிரித்தார்கள். வாஷிங் மெஷின் அக்காவுக்கு, ஃப்ரிட்ஜ் அத்தானுக்கு. சோபா இருவருக்குமே பிடிக்காததால் பக்கத்து வீட்டுக்குப் போயிற்று. மிக்ஸி விஷயத்தில் மட்டும் கொஞ்சம் இழுபறி நடந்து கடைசியில் அத்தான் விட்டுக்கொடுத்தார். என்னை யாருக்கு என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நான் அக்காவின் தம்பி, ஆகவே அக்கா பக்கம். பேச்சுக்கே இடமில்லை.

யார் மேலும் பெரிய தப்பு என்று சொல்வதற்கில்லை. குடி இல்லை, அடிதடி இல்லை, மூன்றாவது ஆள் இல்லை. அக்கா மருந்துக்கடையில் நாளெல்லாம் நின்றுவிட்டு வந்து காலை நீட்டிப் படுப்பாள். அத்தான் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்த்துவிட்டு வந்து டிவி முன்னால் உட்காருவார். அப்படியே பேச்சு வற்றிப்போயிற்று. அவர்களுக்குள் பேச்சு வற்றிய அதே வருடங்களில் எனக்கும் அவருக்கும் பேச்சு ஓய்ந்ததே இல்லை என்பதுதான் இதில் கொடுமை. வாய்விட்டுச் சொன்னால் அக்கா அடிக்க வருவாள், ஆனாலும் உண்மை அதுதான். விவாகரத்து அவளுக்கு நடந்தது, ஆளை இழந்தது நான்.

நான் லிஃப்ட் மெக்கானிக். வாரம் முழுக்க பட்டனை அழுத்தி ஏறி இறங்குகிற எனக்கு, காலால் மிதித்து மலை ஏறும் பைத்தியத்தைப் பிடிக்க வைத்தவர் அத்தான். கல்யாணமான புதிதில், "மாப்ள, சும்மா பக்கத்துல ஒரு ரவுண்டு போயிட்டு வருவோம்" என்று கூட்டிப் போனார். பக்கத்தில் என்றது ஒரு மலை. திரும்பி வந்து மாடிப்படி ஏற முடியாமல் லிஃப்ட் இல்லாத என் வீட்டில் லிஃப்ட் மெக்கானிக் நானே தவித்தேன். அடுத்த ஞாயிறு நானே போய் அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

எங்களோடு மூன்றாவதாகச் சேர்ந்தவன் நிதானம். என் பள்ளித் தோழன், எக்ஸ்ரே எடுப்பவன். "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று ஊருக்கெல்லாம் சொல்பவனுக்கு, மேட்டைக் கண்டால் சொந்த மூச்சு பிடிபடாது. அவன் அவசரப்பட்டு யாரும் பார்த்ததில்லை, அதனால் அந்தப் பெயர்.

வருடத்துக்கு ஒரு முறை நடக்கும் நெடுந்தூர மலை சைக்கிள் போட்டியில் நாங்கள் மூவரும் ஒரே அணியாக ஓட்டிவந்தோம். காலையில் கிளம்பினால் மாலை வரை காடு, கல், சேறு. தனியாகவும் ஓட்டலாம், இருவராகவோ மூவராகவோ அணி சேர்ந்தும் ஓட்டலாம். அணிக்குள் யாருக்கு யார் வேண்டுமானாலும் உதவலாம். வெளி ஆளிடம் ஒரு திருகாணி வாங்கினாலும் வாங்கியவரும் கொடுத்தவரும் அவரவர் அணியோடு போட்டியில் இல்லை. இதைக் கண்காணிக்க அங்கே யாரும் மரத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்க மாட்டார்கள். விதியை மீறியவர் சைக்கிளில் கட்டிய நம்பர் அட்டையைத் தானே கழற்றி அடுத்த முகாமில் கொடுத்துவிட வேண்டும். எல்லோரும் கொடுப்பார்கள். அந்த அட்டையோடு ஏமாற்றி ஓட்டியவன் என்று பெயர் வாங்கிக்கொண்டு அந்த மலைக்கு மறுபடி வர முடியாது.

பிரிவுக்குப் பிறகு அத்தான் ஞாயிறுகளில் வருவதை நிறுத்திக்கொண்டார். நானும் கூப்பிடவில்லை. போன் செய்யலாம்தான், என்னவென்று சொல்லிச் செய்வது? அவர் வேலை செய்யும் கண்ணாடிக்கடை இருக்கும் கட்டடத்தின் லிஃப்ட் என் பொறுப்பில்தான் இருக்கிறது. ஒரு கோளாறும் இல்லாத அந்த லிஃப்டை நான் பார்த்த மாதிரி எந்த மெக்கானிக்கும் எந்த லிஃப்டையும் பார்த்திருக்க மாட்டான். மூன்றாவது மாடியில் நிறுத்திக் கதவைத் திறந்து வைத்தால், எதிரே கடையின் கண்ணாடிக் கதவும் அதில் ஒட்டிய பெரிய கண் படமும் தெரியும். பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் இரைச்சல் லேசாகக் கேட்கும். கதவு தானாக மூடும். மறுபடி திறப்பேன். கட்டடத்துக் காவலாளி ஒருநாள், "என்ன சார், அந்தக் கதவு அவ்வளவு மோசமா இருக்கா?" என்று கேட்டார். "ரொம்ப மோசம்" என்றேன்.

இந்த வருடப் போட்டிக்கு நானும் நிதானமும் இரண்டு பேர் அணியாகப் பதிந்தோம். அத்தான் தனியாகப் பதிந்திருக்கிறார் என்று நிதானம்தான் விசாரித்துக்கொண்டு வந்தான். நான் கிளம்பும்போது அக்கா தண்ணீர் பாட்டிலை நிரப்பிக் கொடுத்துவிட்டு, "அவரைப் பார்த்தா நான் கேட்டதா ஒண்ணும் சொல்லாத" என்றாள். கேட்கவே இல்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

துவக்கக் கோட்டில் அத்தான் நின்றிருந்தார். முடி கொஞ்சம் நரைத்திருந்தது. அதே பழைய நீல ஹெல்மெட். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, அப்புறம் எதையோ ஞாபகப்படுத்திக்கொண்ட மாதிரி அடங்கியது.

"என்ன தம்பி, நல்லா இருக்கீங்களா?" என்றார்.

தம்பியாம். இருக்கீங்களாவாம். கோபம் வந்தால் "டேய் மாப்ள", சந்தோஷம் வந்தால் "அட மாப்ள" என்பதைத் தவிர அந்த வாயிலிருந்து எனக்கு வேறு அழைப்பு வந்ததில்லை. பளாரென்று அறைந்திருந்தால்கூடத் தேவலை. "இருக்கேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, சரியாக இருந்த பிரேக்கைக் குனிந்து சரி பார்த்தேன். அவர் முன்வரிசைக்குப் போய்விட்டார்.

முதல் ஏற்றம் முழுக்க எனக்கு அந்த எரிச்சல்தான் பெட்ரோல். நிதானம் பின்னாலிருந்து, "டேய், யாரைக் கொல்லப் போற? மெதுவாப் போ" என்று கத்திக்கொண்டே வந்தான். அவனுக்கு இந்த வருடம் ஒரு கனவு இருந்தது. இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அவன் நேரத்துக்குள் முடித்து மெடல் வாங்கியதில்லை. அவனுக்காகக் காத்திருந்தே எங்கள் அணி கடைசியில் வரும். இந்த முறை ஆறு மாதம் விடாமல் பயிற்சி செய்து தொப்பையைக் குறைத்திருந்தான். மெடலை மாட்ட அவன் மனைவி சுவரில் ஆணிகூட அடித்து வைத்துவிட்டாளாம்.

காட்டுப் பாதை தொடங்கியதும்தான் என்ன குறைகிறது என்று உறைத்தது. நாங்கள் மூவராக ஓட்டும்போது அத்தான் முன்னால் போவார். "கல்லு!" என்பார். நான் "கல்லு!" என்பேன். கடைசியில் வரும் நிதானம் "சரி!" என்பான். "பள்ளம்!", "பள்ளம்!", "சரி!" அப்படியே மலை முழுக்கக் கத்திக்கொண்டு இறங்குவோம். இன்று முன்னால் நான். கல்லைப் பார்க்கிறேன், வாய் திறக்க மறக்கிறேன், பின்னால் நிதானம் கல்லில் ஏறி என் பரம்பரையைத் திட்டுகிறான். அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லியே பழகிய வாய் இது. முதலில் சொல்ல அதற்கு வரவில்லை.

கடைசி மலையின் இறக்கத்தில், ஒரு வளைவைத் திரும்பியபோது நீல ஹெல்மெட் தெரிந்தது. அத்தான் பாதையோரப் பாறையில் உட்கார்ந்திருந்தார். சைக்கிள் தலைகீழாக நின்றது. பின் டயரில் ஒரு விரல் நுழையும் கிழிசல். அதை உள்பக்கமாக ரப்பர் துண்டு வைத்து அடைத்து, புது ட்யூபும் மாட்டியிருந்தார். வேலை சுத்தமாக இருந்தது. டயர் மட்டும் தொளதொளவென்று தொங்கியது.

பிரேக் பிடித்தேன். "காத்து?" என்றேன்.

அவர் பையைக் காட்டினார். ட்யூப் இன்னும் ஒன்று இருந்தது. டயர் கழற்றும் நெம்புகோல், ரப்பர் ஒட்டு, கத்தரி எல்லாம் உறையோடு வரிசையாக இருந்தன. பம்பு இல்லை.

"ராத்திரி எல்லாத்தையும் எடுத்து வச்சு ரெண்டு தடவை பார்த்தேன்" என்றார். "பம்பு ஞாபகமே வரலை. அது எப்பவும்…"

முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை. எப்பவும் அது என் பையில்தான் இருக்கும். முதல் போட்டியிலிருந்தே பங்கு அப்படித்தான்: ட்யூப் அவர் பையில், பம்பு என் பையில், பழமும் தைலமும் நிதானத்தின் பையில். அவருடைய கைக்குப் பம்பு எடுத்து வைத்துப் பழக்கமே கிடையாது.

எனக்குச் சிரிப்பு வந்தது. "இவ்வளவு பெரிய மனுஷன், பம்பு இல்லாமலா மலைக்கு வருவாங்க?"

"நீ ட்யூப் கொண்டு வந்திருக்கியா?" என்றார்.

பையைத் திறந்தேன். பம்பு இருந்தது. மழைச்சட்டை இருந்தது. ட்யூப் இல்லை. வீட்டில் ட்யூப் என்ற சாமானை நான் வாங்கியதே இல்லை. நிதானத்தைப் பார்த்தேன். அவன் பையைக் கவிழ்த்தான். நசுங்கிய வாழைப்பழமும் தைலப் புட்டியும் விழுந்தன.

"விளங்கிடும்" என்றான் நிதானம். "மூணு பேரையும் சேர்த்தாத்தான் ஒரு முழு ஆளு தேறும்."

மூவரும் சிரித்தோம். வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும் நான் பம்பை நீட்டினேன். அத்தான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேண்டாம். வாங்கினா உங்க ரெண்டு பேர் நம்பரும் போயிடும். இவன் இந்தத் தடவை நேரத்துக்குள்ள இருக்கான். நான் நடந்தே இறங்கிடறேன், நீங்க கிளம்புங்க."

"நடந்தா இருட்டிடும்."

"இருட்டட்டும். கிளம்புங்க தம்பி."

மறுபடி தம்பி. எனக்குத் தலைக்கேறிவிட்டது. "சும்மா தம்பி தொம்பின்னுட்டு! அக்காவுக்கும் உங்களுக்கும் ஆகலைன்னா நான் என்ன பண்ணுவேன்? என்னை எதுக்கு வெட்டி விட்டீங்க? ஒரு போன் உண்டா? உங்க கடை லிஃப்டைத் தொறந்து தொறந்து மூடியே அதோட கதவு தேய்ஞ்சு போச்சு!"

அவர் மெதுவாக, "லிஃப்ட் சத்தம் கேக்கும்" என்றார். "மூணாவது மாடியில நிக்கும், தொறக்கும், மூடும். நீதான்னு தெரியும். வெளிய வந்தா உங்க வீட்ல உனக்குச் சங்கடம் ஆயிடுமோன்னு உக்காந்திருப்பேன்."

நான் கண்ணைத் துடைத்ததை வியர்வை என்று எடுத்துக்கொள்ளும் நல்ல குணம் இருவருக்கும் இருந்தது.

நிதானம் அதற்குள் ஒரு வாழைப்பழத்தை உரித்து முழுசாகத் தின்று முடித்திருந்தான். அத்தானின் பையிலிருந்து கத்தரியை எடுத்து, தன் சைக்கிளுக்குப் போய், நம்பர் அட்டையைக் கட்டியிருந்த நாடாவை நறுக்கினான். அவன் வாழ்க்கையில் வேகமாகச் செய்த வேலை அது ஒன்றுதான்.

"டேய், உன் மெடல்" என்றேன்.

"அதை வச்சு நான் என்ன எக்ஸ்ரேவா எடுக்கப் போறேன்? ஆணியில காலண்டர் மாட்டிக்கறேன். முதல்ல காத்தடிங்கடா, கொசு கடிக்குது."

நானும் அத்தானும் எங்கள் அட்டைகளைக் கழற்றினோம். பம்பை அத்தான் பிடிக்க, நான் அடித்தேன். பாதியில் கை மாற்றிக்கொண்டோம். டயர் இறுகியதும் அவர் வழக்கம்போல இரண்டு கட்டை விரலாலும் அமுக்கிப் பார்த்து, "போதும் மாப்ள" என்றார். அவர் கவனிக்காமல்தான் சொன்னார். நான் கவனித்தேன்.

அதன் பிறகு இறங்கிய தூரம் எனக்குப் போதவில்லை. அத்தான் முன்னால், நான் நடுவில், நிதானம் பின்னால். "கல்லு!" "கல்லு!" "சரி!" எங்களை முந்திப் போனவர்களெல்லாம் நம்பர் இல்லாத மூன்று பேர் இப்படித் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு போவதைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு இடத்தில் பாதை அகலமானபோது அத்தான் பக்கத்தில் வந்தார்.

"வீட்ல எல்லாரும் சுகமா?"

"சுகம். அக்கா கேட்டதா சொல்ல வேண்டாம்னு சொன்னா."

அவர் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றது. "சரி, நானும் கேட்டதா சொல்லாத" என்று சொல்லிவிட்டு முன்னால் போய்விட்டார். இந்த மலைக்கு அடிவாரமே இல்லாமல் இருக்கக்கூடாதா என்று நினைத்தேன். குழந்தைத்தனம்தான். ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

கீழே முகாமில் மூன்று அட்டைகளையும் கொடுத்தோம். மேசைக்குப் பின்னால் இருந்த பெண்மணி எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஏன்?" என்று கேட்டார். "காத்து" என்றான் நிதானம். முடிவுக்கோட்டு அலங்கார வளைவுக்குள் நுழைய எங்களுக்கு உரிமை இல்லை. பக்கத்துச் சந்து வழியாக சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வண்டிகள் நிற்கும் இடத்துக்கு வந்தோம். வளைவுக்குள் யாரோ நேரத்துக்குள் வந்து சேர, கைதட்டல் கேட்டது. நிதானம் ஒரு கணம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, தண்ணீர் பிடித்து வரக் கிளம்பினான்.

அத்தான் தன் துண்டை எடுத்து என் பம்பைத் துடைத்தார். கைப்பிடி, குழாய், வாய்ப்பக்கம் என்று சேறு போகத் துடைத்தார். லென்ஸைத் துடைக்கிற மாதிரி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"உன் பொருள் உங்கிட்டயே இருக்கட்டும்" என்றார். "நான் ஒண்ணு வாங்கிக்கறேன். நாளைக்கே கடைக்குப் போகணும்."

சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் மிக்ஸி, வாஷிங் மெஷின், சோபா எல்லாம் பங்கு பிரித்து முடிந்து, கடைசியாக ஒன்று மிச்சம் இருந்து, அதுவும் இப்போது பிரிந்த மாதிரி இருந்தது.

"வாங்காதீங்க அத்தான்" என்றேன்.

"பம்பு இல்லாம மலைல எப்படிப்பா?"

பம்பு இல்லாமல் மலைக்குப் போகிறேன் என்று எவனாவது சொன்னால் முதலில் திட்டுவது நானாகத்தான் இருக்கும். அவர் என் தோளில் கை வைத்து ஒரு தடவை அழுத்திவிட்டு, சைக்கிளைக் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். அவர் யோசனைக்காரர், சொன்னதைச் செய்கிறவர். மறுநாளே வாங்கியிருப்பார், நல்லதாகப் பார்த்து.

ஞாயிறுகளில் நானும் நிதானமும் போய்க்கொண்டுதான் இருக்கிறோம். கடைக்குப் போய் ஒரு ட்யூப் வாங்கு, என்றாவது நடுக்காட்டில் மாட்டிக்கொள்வாய் என்று அவன் வாரா வாரம் திட்டுகிறான். போகிற வழியிலேயே சைக்கிள் கடை இருக்கிறது. நான் இன்னும் வாங்கவில்லை.