முதல் மணி இல்லாத பண்டிகை

கான்சாபுரத்துக்கு மேற்கே எங்கள் ஊர்க் கிறிஸ்தவக் கோவிலைத் தேக்கிலும் வேங்கையிலும் கட்டியவர் என் பாட்டனார் ஞானமுத்து. அதனால் ஆண்டுதோறும் வரும் பிரதிஷ்டைப் பண்டிகையன்று முதல் மணி அடிக்கும் உரிமை எங்கள் குடும்பத்துடையது. அது ஒலிக்காமல் ஊரில் எவரும் ஆராதனைக்குக் கிளம்பமாட்டார்கள்.

இந்த ஆண்டு பண்டிகைக்கு முந்தின நாள், ராஜபாளையத்திலிருந்து வந்த என்ஜினீயர் கார்த்திகா மணி தொங்கும் உத்திரத்தைத் தட்டிப் பார்த்தார்.

"உள்ள கரையான் தின்னுருக்கு ஐயா. இரும்புத் தாங்கல் குடுத்தாக் காப்பாத்திரலாம். அதுவரைக்கும் மணி அடிச்சிராதீங்க. உத்திரம் பிளந்தா கூரையே உக்காந்துரும்."

மறுநாள் ஆராதனை வெளியே பந்தலில். அது முடிந்ததும், பழுது பார்ப்பதா இடிப்பதா என்று சபையார் கைதூக்கித் தீர்மானிக்க வேண்டும். செயலாளர் பெலிக்ஸுக்குக் கான்கிரீட் கோவில் வேண்டும். அவன் அப்பா காலத்திலிருந்தே எங்கள் இரு வீட்டுக்கும் பேச்சில்லை.

நேரமாகியும் பந்தல் காலியாகக் கிடந்தது. பெலிக்ஸ் தன் ஆட்களிடம் என் காதுபடச் சொன்னான்.

"மணியடிக்கக்கூட ஏலாத கோவிலாம்ல. பட்டாளத்துல துப்பாக்கி பிடிக்கிறவனுக்குக் கயித்தப் பிடிக்கப் பயம்!"

பட்டாளத்திலிருந்து விடுப்பில் வந்திருந்த என் தம்பி மகன் சௌந்தரபாண்டியன் பாய்ந்து கயிற்றைப் பற்றினான். மேலே மரம் முனகியது.

"ஏலே, கைய எடு."

"ஒரே அடி பெரியப்பா. நம்ம மானம் போவுது."

"கோவில் விழுந்தா மட்டும் மானம் நிக்குமாலே?"

அவன் விடவில்லை. அசன விருந்துச் சமையலுக்கு வைத்திருந்த அரிவாளை எடுத்து, அவன் கைக்கு மேலே கயிற்றை வெட்டினேன்.

பெலிக்ஸ் சிரித்தான். "இனி எவன் வருவான்? நாங்க அஞ்சாறு பேரே கைதூக்கிக்கிடுதோம்."

எங்கள் குடும்பத்தில் யாரும் பிறர் வாசலில் நின்று கூப்பிட்டதில்லை, மணிதான் கூப்பிடும். நான் தெருவில் இறங்கினேன். முதல் வீடு பெலிக்ஸுடையது. அதைத் தாண்டிப் போயிருந்தால் மற்ற வாசல்களில் என் சொல்லுக்கு மதிப்பிருந்திருக்காது.

அவன் மனைவி பொன்மணி திகைத்துப் போனாள். "மாமா, நீங்களா?"

"இன்னைக்கு மணி கிடையாது தாயி. நான்தான் கூப்பிட வந்தேன். கைதூக்குறது உன் இஷ்டம்."

என் பின்னாலேயே வந்த பெலிக்ஸ் கத்தினான். "ஏட்டி, உள்ள போ!"

அவள் பந்தலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"செத்த நேரம் நில்லுங்க மாமா. உள்ள இருக்குற அத்தையையும் கூட்டிக்கிட்டு வாரேன்."

தெருவே பார்க்க, அந்த வாசலில் நின்றேன். எதிர்வீட்டுக் கதவு திறந்து முத்தாத்தாள் எட்டிப் பார்த்தாள்.

"ஆச்சி, நீங்களும் வாங்க" என்றேன்.