டிக்கெட் தீர்ந்துபோன மைதானம்

சிமென்ட் கடைக்காரருக்கு ஒரு வியாதி. தன் கால்பந்து கிளப்புக்கு யார் பணம் கேட்டாலும் கை தானாகச் சட்டைப் பைக்குள் போய்விடும். பூட்ஸா, கொடு. பஸ்ஸா, கொடு. கோல் போடத் தெரியாதவனுக்குச் சம்பள உயர்வா, அதையும் கொடு. ஊரும் லேசுப்பட்டதில்லை. முதலாளி நம்ம ஆள் என்று ஓசியில் உள்ளே நுழையும். தோற்றால் அவரையே திட்டிவிட்டுப் போகும்.

இந்த ஆண்டு லீக் நிர்வாகம் கறாராகச் சொல்லிவிட்டது. முதலாளி கையிலிருந்து போடுவதற்கு ஒரு வரம்பு உண்டு. மீதியைக் கிளப்பே சம்பாதிக்க வேண்டும். இல்லாவிட்டால் கீழ்ப்பிரிவுக்கு இறக்கிவிடுவார்கள். இனியாவது டிக்கெட்டை ஒழுங்காக விற்கச் சொன்னாள், கல்லாவில் இருந்த அவர் மனைவி.

"நம்ம ஜனங்ககிட்ட காசு கேக்கறதா?" என்று அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

பிறகு அவர் செய்ததுதான் கேலிக்கூத்து. கிளப்பே சம்பாதித்ததாகக் கணக்குக் காட்ட, கடைசி ஆட்டத்துக்கான டிக்கெட் முழுவதையும் மைத்துனன் பெயரில் தானே வாங்கி, கடை மேஜைக்குள் வைத்துப் பூட்டினார். கணக்கு பார்க்க லீக் அதிகாரி வருவதால், டிக்கெட் இல்லாமல் யாரையும் விடக்கூடாது என்று காவலாளிக்கும் உத்தரவு போட்டார். மைதானத்தில் ஆள் இருக்க வேண்டுமே என்ற யோசனை மட்டும் அந்தப் பெரிய மண்டைக்குள் வரவில்லை.

அன்று பார்த்து ஊரே திரண்டு வந்தது. கிளப்புக்கு ஆபத்து என்று கேள்விப்பட்டு, பலர் கையில் காசோடு வரிசையில் நின்றார்கள். டிக்கெட் தீர்ந்துவிட்டது என்ற பலகையைப் பார்த்து, முணுமுணுத்துக்கொண்டே திரும்பிப் போனார்கள்.

மழைக்குப் பயந்து யாரும் வரவில்லை என்று அதிகாரியிடம் சமாளித்தார் முதலாளி. வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

"சார், இது வசூல் இல்ல. இந்தப் பையிலேர்ந்து எடுத்து அந்தப் பையில போட்டிருக்கீங்க," என்று, எல்லா டிக்கெட்டும் ஒரே பெயரில் இருந்த கணக்கை மூடிவிட்டு எழுந்துவிட்டார் அதிகாரி.

கிளப் கீழே இறங்கியது. முதலாளி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மனைவிக்குப் பாவமாகவும் இருந்தது, பற்றிக்கொண்டும் வந்தது.

"அவங்க காசை நீட்டினாங்க. நீங்கதான் வாங்க விடல," என்றாள்.

அடுத்த ஆண்டின் முதல் ஆட்டத்தில் டிக்கெட் கவுன்டரில் அவளே உட்கார்ந்தாள். முதலாளியும் வரிசையில் நின்றார். பின்னால் நின்ற மைத்துனன் அவர் தோளைத் தட்டினான்.

"மாமா, எனக்கும் சேத்து எடுத்துடுங்க."

பழக்கதோஷத்தில் பைக்குள் போன கையை அவர் வெளியே எடுத்தார்.

"உன் டிக்கெட்டை நீயே எடுடா. ஒருத்தனே எல்லாத்துக்கும் கொடுத்தா, அவன் கை ஓய்ஞ்ச அன்னிக்கு கிளப்பும் ஓய்ஞ்சிடும். ஆளாளுக்குக் கொடுத்தாத்தான் அது நிக்கும்."