பிறந்த ஊர்

தீவுக்குத் திரும்பிய கையோடு, டிக்கெட்டும் விசாவும் எடுத்துக் கொடுத்த குணாவின் டிராவல்ஸ் கடைக் கதவை நாகராஜ் உதைத்த உதையில் கண்ணாடி நொறுங்கி விழுந்தது. கொழும்புக்குப் போகும் உல்லாசக் கப்பலில் ஏறவிடாமல், சென்னைத் துறைமுகத்தில் அத்தனை பேர் பார்க்க அவனையும் மனைவி உதயாவையும் வரிசையிலிருந்து வெளியே இழுத்து நிறுத்தியிருந்தார்கள். விசாவும் பாஸ்போர்ட்டும் ஒத்துப்போகவில்லையாம்.

சட்டையைப் பிடித்து மேசைக்கு மேலாகக் குணாவை இழுத்துப் போட்டு மிதித்தான். ரப்பர் மரம் சீவிக் காய்த்த கை, மூக்கு உடையும்வரை ஓயவில்லை.

"எங்க ஆயியப் பொதைச்ச மண்ணுடா அது. நாப்பது வருசங் கழிச்சுப் பாக்கப் போனேன்."

குணா ரத்தத்தைத் துப்பிவிட்டு, இழுப்பறையிலிருந்து விசா விண்ணப்பத்தை எடுத்து வீசினான். "தேக்கோ பாய், நல்லாப் பாருங்க, நீங்க எழுதுனதுதான். சிலோன்லேருந்து கொண்டாந்த காகிதத்தப் பாத்து எடுத்த பாஸ்போர்ட்டுல பொறந்த ஊரு ஹட்டன். இதுல கச்சால்னு இருக்கு."

நாகராஜின் கையெழுத்தேதான். ஒன்பது வயதில், சிலோனிலிருந்து தாயகம் திரும்பியவர்களை ஏற்றிவந்த கப்பலில் வந்து கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் இறங்கியவன் அவன். அங்கே சண்டை மூண்ட பிறகு, சிலோன்காரன் என்று திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில், எந்த ஆபீசில் கேட்டாலும் கச்சாலில் பிறந்தேன் என்றே சொல்லும்படி அப்பா பெல்ட்டால் அடித்துப் பழக்கியிருந்தார்.

அதைப் படித்த பிறகும் அவன் குணாவை இன்னொரு முறை உதைத்தான்.

சத்தம் கேட்டு வந்த போலீஸ்காரர் அவன் பிடரியைப் பிடித்துச் சுவரில் அழுத்தினார். பெயரை எழுதிக்கொண்டு, "பொறந்தது எங்க?" என்றார்.

"கச்சால், சார்" என்றான் நாகராஜ்.