பிரிக்காத பொட்டலம்

பழைய ஜீப்பை நாலு அங்குலம் உயர்த்துகிறேன் பேர்வழி என்று, கணக்கு வாத்தியார் மூன்று மாதமாக ஷெட்டே கதியென்று கிடந்தார். இன்று காலை அவர் மனைவி மலைமேல் இருக்கும் தங்கை வீட்டுக்கு அதில் கிளம்பினாள்.

"எல்லா வேலையும் முடிஞ்சுதா?"

"கண்ண மூடிக்கிட்டு ஓட்டு."

ஸ்பானர்களை அடுக்கும்போதுதான் பெஞ்சுக்கடியில் அந்தப் பொட்டலம் கண்ணில் பட்டது. மாட்ட வேண்டிய நீளமான பிரேக் ஹோஸ்கள், சக்கரத்துக்குப் பிரேக் எண்ணெய் கொண்டுபோகும் ரப்பர் குழாய்கள். உயர்த்திய வண்டியில் பழைய ஹோஸ் எட்டாமல் விறைத்து நிற்கும். பள்ளத்தில் சக்கரம் தொங்கினால் அறுந்தேவிடும்.

போன் போட்டார். மணி முழுக்க அடித்து ஓய்ந்தது. மறுபடியும் போட்டார். வண்டி ஓட்டும்போது போனைத் தொடவே மாட்டேன் என்று அவளிடம் சண்டை போட்டுச் சத்தியம் வாங்கியவரும் இந்தப் புண்ணியவான்தான்.