கூரையைக் கழற்றிய தவளை

1

இந்தக் கதை நான் சொன்ன ஒரு பொய்யில் தொடங்கியது. அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

ஓர் ஆண்டு மலருக்குச் சிரிப்புக் கட்டுரை கேட்டார்கள். தலைப்பையும் அவர்களே கொடுத்தார்கள்: குழந்தைகள் விளையாடும் வீடியோ கேம்களில் வில்லன்கள் செய்யும் கொடூரங்கள். வெளியே பார்த்தால் வானவில், பலூன், குதிக்கும் கரடி. உள்ளே போனால் ஒரு நரி ஊர்ப் பிள்ளைகளின் குரலைப் பிடுங்கி ஜாம் பாட்டிலில் அடைத்து விற்றுக்கொண்டிருக்கும். அப்படிப் பத்து உதாரணங்கள் வேண்டும். "கேம் எல்லாம் தெரியுமில்லையா?" என்று ஆசிரியர் கேட்டார். தெரியும் என்றேன். எனக்குச் சீட்டுக்கூட ஆடத் தெரியாது.

நீலகிரியில் ஜெகதளா என்ற ஊரில் கோகிலவாணி என்ற பெண் இருக்கிறாள். கோவையிலுள்ள ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடியே கேம் வசனம் எழுதிக்கொண்டிருந்தவள். அவளிடம் போனேன். ஒன்பது உதாரணங்கள் சொன்னாள். சிரித்துச் சிரித்துக் குறித்துக்கொண்டேன். பத்தாவதைக் கேட்டபோது, "அது நான் எழுதுனதுங்க அக்கா," என்றாள்.

கட்டுரை அங்கேயே நின்றுபோனது.

2

முதல் தொடக்கம்: "நீலகிரி மலைகளின்மீது வெண்பனி இறங்கிக்கொண்டிருந்த ஒரு

வேண்டாம். பனி இறங்கினால் வாசகர் ரூம் புக் பண்ணப் போய்விடுவார்.

இரண்டாவது: "தெய்வம்மா ஒரு பாவப்பட்ட

இதைப் படித்தால் தெய்வம்மா என்னைத் தன் வாசலில் சேர்க்கமாட்டார்.

நேராகவே சொல்கிறேன். தெய்வம்மா, கோகிலவாணியின் அம்மா. வயது அறுபது. பத்து வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்தவர். கோத்தகிரிப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் முப்பத்தெட்டு வருஷம் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். (எஸ்டேட்டுக்கு நான் பெயர் வைக்கவில்லை. வைத்தால் அது ஒன்றுதான் அப்படி என்று ஆகிவிடும்.) எஸ்டேட் கை மாறியது. தொழிலாளர் குடியிருப்பு இருக்கும் சரிவில் சுற்றுலாக்காரர்களுக்கு காட்டேஜ் கட்ட வேண்டுமாம். ஓய்வு பெற்றவர்கள் காலி செய்ய வேண்டும் என்றார்கள். பலர் போய்விட்டார்கள். வேறு இடம் காட்டுங்கள், போகிறோம் என்று நான்கு குடும்பங்கள் மட்டும் உட்கார்ந்துவிட்டன.

மகள் வீட்டுக்குப் போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன்.

"அவளே வாடகைக்கு இருக்கா. அதுவும் இல்லாம, ஒருக்கா எங்களக் கேக்காம கப்பல்ல ஏத்தி அனுப்பினாங்க. அப்ப நான் சின்னப் புள்ள, ஏறிட்டேன். இப்ப எழும்ப மாட்டேன்," என்றார் தெய்வம்மா.

3

போன ஐப்பசியில், அடைமழையின் மூன்றாம் நாள் காலையில், எஸ்டேட் மேனேஜர் மனோகரன் லயத்துக்கு, அதாவது அந்த வரிசை வீடுகளுக்கு, வந்தார். கையில் மைசூர்பாகு டப்பா. நான்கு வீட்டுக்கும் கொடுத்தார். பின்னாலேயே ஆறு ஆட்கள் ஏணியோடு வந்தார்கள். கூரைத் தகரத்தைக் கழற்றினார்கள். ரிப்பேராம். மழை நின்றதும் புதுத் தகரம் வருமாம்.

"தொரை, சட்டி பானையெல்லாம் நனையுது," என்று தெய்வம்மா கத்தியிருக்கிறார்.

மனோகரன் குடைக்குள்ளிருந்து சிரித்தார். "மழையும் விருந்தாளிதானுங்க அக்கா. விருந்தாளிய வெளிய நிக்க வெக்கலாமுங்களா?"

தெய்வம்மா கட்டிலில் ஏறி உட்கார்ந்தார். கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கு என்கிற ரெட்டுத் துணியைத் தலையில் போட்டுக்கொண்டார். ஏணிக்காரர்கள் போகும்வரை அங்கிருந்து அவர் இறங்கவில்லை. சாயங்காலம் நான்கு குடும்பமும் கிடைத்த தார்ப்பாயை எல்லாம் சேர்த்து அவர் வீட்டின்மேல் கட்டின. ஒரே அறையில் பதினோரு பேர். மழை விடும்வரை, பன்னிரண்டு நாள்.*

* முதல் படியில் "கண்ணீரும் மழையும் கலந்தன" என்று எழுதியிருந்தேன். கோகிலவாணி பென்சிலால் அடித்துவிட்டாள். ஓரத்தில், "அம்மா அழலை. அடுப்புப் பத்தலைன்னு கெட்ட வார்த்தை பேசுச்சு."

4

மனோகரனை எழுதுவதுதான் சிரமமாக இருந்தது. முதலில் அவருக்கு ஒரு முறுக்கு மீசை கொடுத்தேன். பிறகு சிவந்த கண்கள். "அப்படி இருந்திருந்தா எங்களுக்குச் சுலபமுங்க," என்றாள் கோகிலவாணி. "அந்தாளு எங்கம்மா முட்டி வலிக்குத் தைலம் வாங்கிக் கொடுத்தவரு."

நம்பாமல் நானே போய்ப் பார்த்தேன். ஃபேக்டரி ஆபீசில் எழுந்து நின்று வரவேற்றார். நல்ல டீ. சர்க்கரை கம்மியாகப் போடச் சொன்னார், என் முகத்தைப் பார்த்தே.

"கதை எழுதறவங்களா? எங்க எஸ்டேட்டப் பத்தியும் எழுதுங்க."

"எழுதிட்டுத்தானுங்க இருக்கேன். அந்தக் கூரை..."

"ரிப்பேரு நடக்குதுங்க," என்றார். "பிஸ்கட் எடுத்துக்குங்க."

நான் எடுத்துக்கொண்டேன். அதையும் எழுதாவிட்டால் இந்தக் கதை பொய்யாகிவிடும். அவர் கண்ணில் எந்தக் கள்ளமும் தெரியவில்லை. நான் தேடித் தேடிப் பார்த்தேன்.

5

அந்தப் பன்னிரண்டு நாளும் அம்மாவோடு வந்து தங்கி, தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்துதான் கோகிலவாணி கம்பெனி வேலையைச் செய்தாள். கேமின் பெயர் முயலூர். ஆறேழு வயதுப் பிள்ளைகளுக்கானது. கும்மாளராசா என்றொரு தவளை பாட்டுப் பாடிக்கொண்டு வந்து கேரட் திருடும், முயல்கள் துரத்தும். ஏழாம் கட்டத்துக்கு அவள் வசனம் எழுத வேண்டும்.

அவள் எழுதியது இது. கும்மாளராசா கையில் லட்டோடு, ஆடிக்கொண்டே வருகிறது. முயல்களுக்கு லட்டு கொடுக்கிறது. பாடிக்கொண்டே வீட்டுக் கூரைகளைப் பெயர்த்து எடுக்கிறது. ஒரு கிழ முயல் நனைகிறது. தவளை சொல்கிறது: "மழையும் விருந்தாளிதானே! விருந்தாளியை வெளியே நிறுத்தலாமா?"

விளையாடும் பிள்ளையிடம் இருப்பது ஓர் இலை மட்டும். திரையில் விரலை அழுத்திப் பிடித்தால் கிழ முயலின் தலைக்குமேல் இலை நிற்கும். விரலை எடுத்தால் முயல் நனையும். நெடுநேரம் பிடித்திருந்தால் பக்கத்து வீட்டு முயல் ஒன்று தன் இலையோடு வரும். பிறகு இன்னொன்று. கூரை திரும்ப வராது.

டீம் லீடர் டெனின் போனில் கூப்பிட்டான். அவன் நல்ல பையன்தான் என்று கோகிலவாணி இப்போதும் சொல்கிறாள்.

"கோகிலா, டெஸ்டிங்ல ஒரு பாப்பா ஓன்னு அழுதிருக்கு. ரொம்ப டார்க்கா இருக்குதுங்க. தவளை கேரட்டே திருடட்டும்."

"கேரட் போனா மறுபடி வெளையுமுங்க. அதுக்கு எதுக்கு ஒரு வில்லன்?"

"வில்லன் பண்ற தப்புக்கு ஒரு அளவு வேணுமில்லைங்க?"

"நான் ஒண்ணும் கூட்டலைங்க. நடந்ததுல பாதிதான் எழுதியிருக்கேன். அந்த டெஸ்டிங் வீடியோவ அனுப்புங்க, பாக்கறேன்."

அனுப்பினான். இருபத்திரண்டு நிமிட வீடியோ. ரெட்டைச் சடை போட்ட ஒரு பெண், ஆறு வயது இருக்கும். கூரை போனதும் அழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு விரலை வைத்தாள். பத்து நிமிடம் ஆயிற்று. விரல் வலிக்க, மற்றக் கை விரலை வைத்துவிட்டு முதல் விரலை எடுத்தாள், முயல் ஒரு சொட்டுகூட நனையாமல். பக்கத்து முயல் வந்தபோது, "வா, வா, சீக்கிரம்!" என்று கத்தினாள். இருபதாவது நிமிடத்தில் அம்மா சாப்பிடக் கூப்பிட்டு, கையிலிருந்த போனைப் பிடுங்கினார். அப்போதுதான் அழுதாள்.

கோகிலவாணி உடனே டெனினைக் கூப்பிட்டாள். "அந்தப் பாப்பா பயந்து அழலைங்க. முயல விட்டு வெலக்கினதுக்கு அழுவுது. நீங்க முழுசாப் பாத்தீங்களா?"

"மேல முடிவு பண்ணிட்டாங்க. மாத்திக் கொடுத்துருங்க, ப்ளீஸ்," என்றான்.

"முடியாதுங்க."

"அப்ப வேற ஆள் எழுதுவாங்க."

"எழுதட்டும். என் பேரு அதுல வரக்கூடாது."

வேலை போயிற்று. முயலூர் வெளிவந்துவிட்டது. ஏழாம் கட்டத்தில் தவளை கேரட் திருடுகிறது. பிள்ளைகள் துரத்துகிறார்கள். யாரும் அழுவதில்லை. கோகிலவாணி இப்போது டியூஷன் கம்பெனி ஒன்றுக்குக் கேள்வித்தாள் தட்டச்சு செய்கிறாள். மத்தியானங்களில் தன் சொந்த கேமுக்கு முயல்களை வரைகிறாள். முதல் முயலுக்குக் காது கோணலாக வந்திருக்கிறது.

6

முடிவுகள்.

(அ) மனோகரனின் மகள் அந்த கேமை விளையாடுகிறாள். தவளையின் வசனத்தைக் கேட்டு அப்பாவை நிமிர்ந்து பார்க்கிறாள். அவர் தலை குனிகிறார். இது வசதியான முடிவு. கோகிலவாணியிடம் சொன்னேன். சிரித்துவிட்டாள். "அவருக்கு மகளே இல்லைங்க அக்கா."

(ஆ) ஓர் அதிகாரி ஜீப்பில் வருகிறார், பார்க்கிறார், உத்தரவிடுகிறார். இது பாதி உண்மை. வந்தார், பார்த்தார். நான்கு வீட்டில் இரண்டுக்குத் தகரம் வந்தது. தெய்வம்மா வீடு அந்த இரண்டில் இல்லை; அதன்மேல் இன்னும் தார்ப்பாய்தான். அவர் கொடுத்த மனு மேலே போயிருக்கிறது.

(இ) தெய்வம்மா ஒருநாள் மூட்டையைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறுகிறார். மழையில் பஸ் மறை

இதை என் கை தானாகவே எழுதியது. நிறுத்திவிட்டேன்.

ஆண்டு மலர் ஆசிரியருக்கு நடந்ததைச் சொன்னேன். "நல்லாத்தான் இருக்கு, ஆனா நாங்க கேட்டது சிரிப்பு," என்றார். "கடைசியிலயாவது கொஞ்சம் ஆறுதலா முடிச்சா போடலாம்." முடிக்கமாட்டேன் என்றேன். ஆகவே இதை நீங்கள் வேறு எங்கேயோ படிக்கிறீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை, மேலே உள்ளதை எல்லாம் எடுத்துப்போய் தெய்வம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து கேட்டார். பிஸ்கட் தின்ற இடத்தில் என்னை ஒரு பார்வை பார்த்தார். படித்து முடித்ததும், "முடிவ இன்னும் எழுதலியா?" என்றார்.

"என்ன எழுதறதுன்னு தெரியலைங்கம்மா."

"எழுதாத. முடிவுன்னு போட்டா நான் போயிட்டேன்னுதான் நெனப்பாங்க. நான் இங்கதானே இருக்கேன்."

"அப்ப கடைசி வரியா என்ன போடட்டும்?"

யோசித்தார். பிறகு டம்ளரை வாங்கிக்கொண்டே சொன்னார்: "வீட்டு நம்பரப் போடு. வாசிக்கிறவங்க வந்து பாக்கட்டும்."

கீழ் டிவிஷன், ஆறாவது லயம், மூன்றாம் நம்பர் வீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் பகல் முழுக்க ஆள் இருப்பார்.