கரசெங்கிர் உச்சியின் சர்வே கல்

கசாக் நாட்டின் கரசெங்கிர் மலையில் இனிமேல் கால் வைப்பதில்லை என்று பத்து வயதில் முடிவு செய்தவர் ஷெர்னியாஸ். ஐம்பத்தைந்து வயதில் அதே மலைக்கு வழி காட்ட ஒத்துக்கொண்டார். சோவியத் காலத்து அளவுக் கற்களில் எது நிற்கிறது, எது போய்விட்டது என்று பார்த்து எழுத நகரத்திலிருந்து வந்திருந்த பெண் சர்வே அதிகாரி ரைகுலோடு மலையேற மற்ற ஒட்டகக்காரர்கள் எவரும் தயாராக இல்லை. உச்சியில் பெயர் தெரியாத ஒரு அவுலியா அடங்கியிருக்கிறார், புனிதருடைய தூக்கத்தைக் கெடுக்கக் கூடாது என்றார்கள்.

ஷெர்னியாஸுக்கு வேறு கணக்கு இருந்தது. போன பனிக்காலத்தில் அவருடைய அம்மா உல்பிகே இறந்துபோனாள். அவளுடைய சமாதிக் கல்லில் ஒரு பாதியில்தான் பெயர் வெட்டியிருக்கிறது. மறுபாதி வெறுமை. "உங்கப்பா செத்திருந்தா அந்தப் பேரையும் பக்கத்துல வெட்டு. ஓடிப்போயிருந்தா அந்த இடம் அப்படியே கிடக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினாள்.

அப்பா மிர்ஸாலி 1953 கோடையில் சர்வேக்காரர்களுடைய ஒட்டகங்களை ஓட்டிக்கொண்டு அந்த மலைக்குப் போனவர். மற்றவர்கள் இறங்கி வந்தார்கள், அவர் வரவில்லை. ஒரு ஒட்டகத்தைத் திருடிக்கொண்டு ஓடிவிட்டான் என்று சர்வே குழுத் தலைவர் சொன்னதோடு சரி. ஷெர்னியாஸ் அப்போது வயிற்றில். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். மல்யுத்தத்தில்கூடப் பையன்கள், "இறுக்கிப் புடிடா, அப்பன் மாதிரி ஓடிடப் போறான்" என்று சிரிப்பார்கள். உல்பிகேயைக் கொழுந்தனுக்குக் கட்டிவைக்கப் பெரியவர்கள் பார்த்தார்கள். தான் விதவை இல்லை என்று சொல்லி மறுத்துவிட்டாள். ஒப்பாரியும் வைக்கவில்லை.

அதற்குப் பதில் வருஷத்துக்கு ஒருமுறை கரசெங்கிர் ஏறினாள். அவுலியாவின் மேட்டில் துணி கட்டி, "அவரை அனுப்பிவை" என்று கேட்டுவிட்டு வருவாள். பத்து வயதில் ஷெர்னியாஸும் கூடப் போனான். அன்று அவள் மேட்டின்மேல் காதை வைத்துப் படுத்தாள். "உள்ள யாரோ மூச்சு விடுறாங்கடா" என்றாள். அவன் அடிவாரம் வரை திரும்பிப் பார்க்காமல் ஓடினான்.

ஜீப்பைக் கீழே விட்டுவிட்டு இருவரும் விடியற்காலையில் ஏறத் தொடங்கினார்கள். முதலில் ஷெர்னியாஸ் வாய் ஓயவில்லை. மலைக்கு உயரம் பார்க்கிறீர்களே, மலையை யாருக்காவது கட்டிக்கொடுக்கப் போகிறீர்களா என்று கேட்டார். மாப்பிள்ளை கிடைத்தால் சொல்லுங்கள் என்றாள் ரைகுல். உலர்ந்த தயிர் உருண்டையை ஆளுக்கொன்றாக வாயில் அடக்கிக்கொண்டு நடந்தார்கள்.

பாதி மலைக்குமேல் காற்று நின்றுபோயிற்று. பேச்சும் நின்றது. அவர்கள் நடந்தால் பின்னால் சரளை நொறுங்கியது, நின்றால் ஒரு அடி கழித்து அதுவும் நின்றது.

"பின்னாடி யாராவது வர்றாங்களா அண்ணே?"

"வெயில்ல கல்லு வெடிக்குது. நட தங்கச்சி" என்றார். கல் அப்படி வெடிக்காது என்று அவருக்குத் தெரியும். திரும்பிப் பார்க்க மட்டும் தைரியம் வரவில்லை.

உச்சியில் சர்வே கோபுரத்தின் மரக்கால் ஒன்றே ஒன்று மிச்சம் நின்றது. மற்றவற்றை எவனோ அடுப்பெரிக்கக் கொண்டுபோயிருந்தான். காற்றே இல்லாத இடத்தில் அந்தக் கால் மெல்ல முனகியது. அதைச் சுற்றி நாலுபக்கமும் பள்ளம், நடுவில் கல்மேடு, மேடு முழுக்க வெளுத்துப்போன துணிகள். மரம் சர்வேக்காரர்களுடையது, மேடு அவுலியாவுடையது என்று ஊர் எப்போதோ பிரித்து வைத்துக்கொண்டது.

ரைகுல் அந்தக் கல்லுக்கான பழைய சர்வே பதிவு அட்டையைப் பிரித்துப் பார்த்தாள். அவளுக்குச் சொல்லவே சங்கடமாக இருந்தது.

"இது சமாதி இல்லண்ணே. மேடும் பள்ளமும் எங்க ஆளுங்க போட்டதுதான். உள்ள ஒரு சிமெண்டுக் கல்லு, அதுக்கு நேர் கீழ இன்னொண்ணு. மேல்கல்லு போனாலும் கீழ்க்கல்லு இடத்தைக் காட்டிக்குடுக்கும்."

ஷெர்னியாஸுக்குச் சிரிப்பு வந்தது, நல்ல சிரிப்பில்லை. நாற்பது ஐம்பது வருஷம் அம்மா அரசாங்கத்துச் சிமெண்டிடமா கையேந்தினாள்? மேல்கல் சாய்ந்திருக்கிறது, கீழ்க்கல்லைச் சரிபார்க்க வேண்டும் என்று ரைகுல் சொன்னதும் மண்வெட்டியை அவரே பிடுங்கிக்கொண்டார். துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு வெறி பிடித்தவர்போலத் தோண்டினார்.

முழங்கை ஆழத்தில் மேல்கல்லின் பக்கவாட்டு தெரிந்தது. ஈரச் சிமெண்டில் யாரோ விரலால் ஒரு குறி கீறியிருந்தார்கள். ஒரு வளைவு, அதன் நடுவில் இரண்டு கோடு. ஷெர்னியாஸின் கை நின்றது. அது அவர் குலத்துச் சூட்டுக்குறி. அவருடைய ஒட்டகங்கள் ஒவ்வொன்றின் தொடையிலும் இருப்பது.

அதற்குப்பின் கையால்தான் மண்ணை அள்ளினார். கீழே இரண்டாவது சிமெண்டுக் கல் இல்லை. மெக்கா பக்கமாகப் பலகைக் கற்கள் சாய்வாக, ஒன்றையொட்டி ஒன்றாக, பொறுமையாக அடுக்கப்பட்டிருந்தன. புதைகுழியில் உடலை வைக்கும் பக்கப்பொந்தை இந்த ஊரில் இப்படித்தான் மூடுவார்கள்.

"இப்படி அடுக்கணும்னு எங்க சட்டத்துல இல்லண்ணே" என்றாள் ரைகுல். அட்டையை மறுபடி படித்தாள். கீழ்க்கல் பதித்தாயிற்று என்று ஒரு வரி. அடுத்த வரியில், அதே தேதியில், கூலியாள் ஓடிவிட்டான். தண்ணீருக்குப் பொறுப்பு தலைவர். ஆள் தாகத்தில் செத்தால் அவர் ஜெயிலுக்குப் போக வேண்டும். ஓடிப்போனால் ஒருவருக்கும் கேடில்லை. பாறை உச்சியில் தோண்டியிருந்த குழி அது ஒன்றுதான், அதிலேயே புதைத்துவிட்டார்கள். அந்தக் குழுவில் வேறு குலத்துக் கசாக் ஒருவன் இருந்தான் என்று ஷெர்னியாஸ் கேள்விப்பட்டிருந்தார், எழுதப் படிக்கத் தெரியாதவன், எப்போதோ செத்துப்போனான். முறைப்படி அடக்கியதும், யார் பிள்ளை என்று குறி போட்டதும் அவனாகத்தான் இருக்க வேண்டும். வாயைத் திறக்க மட்டும் பயந்திருக்கிறான்.

ஷெர்னியாஸ் அந்தப் பலகைக் கற்களின்மேல் உள்ளங்கையை வைத்தார். வெயிலில் வெந்த மலையில் அவை ஈரம்போலக் குளிர்ந்திருந்தன.

"எங்கம்மா யார்கிட்டப் போய் யாரைக் கேட்டிருக்கா பாரு தங்கச்சி. இவர்கிட்டயே வந்து, இவரை அனுப்புன்னு கேட்டிருக்கா. இவரும் கேட்டுக்கிட்டே படுத்திருந்திருக்கார்."

 

அவர் கற்களைக் கலைக்கவில்லை. மண்ணைத் தள்ளிக் குழியை மூடினார். துணிகளைப் பழையபடி போர்த்தினார். பிறகு மேட்டின் தலைமாட்டுக்குப் போய், மண்வெட்டிக் காம்பை ஊன்றி, அதன்மேல் குனிந்து நின்றார்.

ரைகுலும் அந்த மண்ணில் பிறந்தவள்தான். அப்பன் செத்த வீட்டு வாசலில் மகன் தடியூன்றி நிற்க வேண்டும். உறவுக்காரர்கள் தூரத்திலிருந்தே கூவிக்கொண்டு ஓடிவந்து அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும். அப்படிக் கூவுவது ஆண்கள் வேலை. அங்கே ஆண்கள் வேறு யாரும் இல்லை. அவள் அட்டையைக் கீழே வைத்து, அதன்மேல் ஒரு கல் வைத்தாள். தலை மறையும் வரை சரிவில் இறங்கினாள்.

 மரக்காலின் முனகல் அடங்கியிருந்தது.

"ஐயோ, என் உறவே!" என்று கூவிக்கொண்டு அவள் மேலே ஓடிவந்தாள். அவளுக்குப் பின்னால் சரளை நொறுங்கியது, ஒரு ஆள் நடக்கிற சத்தமாக இல்லை, ஊரே ஓடிவருகிற சத்தமாக. ஷெர்னியாஸ் இந்த முறை நிமிர்ந்து பார்த்தார். ரைகுலைத் தவிர யாரும் இல்லை. காம்பைப் பிடித்துக்கொண்டு, ஐம்பத்தைந்து வயது ஆள், "அப்பா" என்று வாய்விட்டு அழுதார்.