அக்கா சொன்ன பக்குவம்

அவனுக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. ஊரில் பாதிக் கட்டடங்கள் அவன் கைபட்டுத்தான் ஏறி இறங்கின. அவன் குடியிருந்த கட்டடத்தின் லிஃப்ட் மட்டும் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தது. அதற்கு வேறு கம்பெனி ஒப்பந்தம். மூச்சிரைக்கப் படியேறும் பக்கத்து வீட்டுக்காரர்கள் அவனைப் பார்க்கிற பார்வையே தனி.

மூன்றாம் மாடி வீட்டில் தனியாக இருந்தான். முன்பு அக்காவும் இருந்தாள். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போன பிறகு, நர்ஸ் வேலை பார்த்து அவனை ஆளாக்கியவள் அவள்தான். கல்யாணப் பேச்சு வரும்போதெல்லாம் "இவனை யார் பார்த்துக்கிறது?" என்று தட்டிக்கழித்தாள். கடைசியில் அவனே சண்டை போட்டு அனுப்பிவைத்தான். இப்போது வேறு ஊரில் கணவன், பள்ளிக்கூடம் போகும் மகள் என்று இருக்கிறாள். அந்தச் சனிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வருவதாகச் சொல்லியிருந்தாள்.

காலையிலிருந்து அடைமழை. தெருமுனை பேக்கரி ஷட்டரைப் பாதிக்கு மேல் தூக்கவே இல்லை. குழந்தை வரும் வீட்டில் கொறிக்க ஒன்றும் கிடையாது. அலமாரியைத் துழாவினால் மைதா, சர்க்கரை, உப்பு. ஃபிரிட்ஜில் வெண்ணெய். இதை மட்டும் வைத்துக்கொண்டு அக்கா பேச்சோடு பேச்சாக பிஸ்கட் சுட்டுவிடுவாள். அவள் வாங்கிய ஓவன்கூட இன்னும் மேடையில்தான் இருந்தது. பக்குவம்தான் தெரியாது. அவளுக்கே போன் போட்டான்.

மணி அடிக்குமுன்பே எடுத்தாள்.

"சொல்லுடா மொட்டை."

"அக்கா, பிஸ்கட் எப்படிப் பண்றது? மைதா, வெண்ணெய், சர்க்கரை இருக்கு."

சிரித்தாள். "ஊருக்கெல்லாம் லிஃப்ட் விடுறவனுக்கு ஒரு பிஸ்கட் சுடத் தெரியலையா? சரி, ஸ்பீக்கர்ல போட்டுட்டு கையைக் கழுவு."

போனைச் சர்க்கரை டப்பாவின் மேல் சாய்த்து வைத்தான். வெண்ணெய் ஒரு பங்கு, மாவு இரண்டு பங்கு, சர்க்கரையை மிக்ஸியில் பொடித்து அரைப் பங்கு, உப்பு ஒரு சிட்டிகை. வெண்ணெயையும் சர்க்கரையையும் முதலில் குழைக்கச் சொன்னாள்.

"தண்ணி ஊத்திடாதே. பிடிச்சா பிடியா நிக்கணும், உதிர்த்தா மாவா உதிரணும். சப்பாத்தி மாவு மாதிரி அடிச்சுப் பிசைஞ்சா, அப்புறம் பல்லுக்குத்தான் வைத்தியம்."

அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் அக்கா இப்படி நிதானமாகப் பேசியதே இல்லை. எப்போது கூப்பிட்டாலும் டியூட்டி, குழந்தை, குக்கர் என்று ஓடிக்கொண்டே பேசுவாள். இன்று அவசரமே இல்லை. பஸ்ஸில் வருகிறவளின் பின்னால் ஒரு ஹாரன் சத்தம்கூடக் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் பாத்திரத்தில் கரண்டி உரசும் சத்தமும் குழாய் சொட்டும் சத்தமும்தான். தன் வீட்டுச் சத்தமே எதிரொலிக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

"குழாயை இறுக்கி மூடேன்டா. எத்தனை தடவை சொல்றது?"

மூடினான். மாவைச் சின்ன உருண்டைகளாக்கித் தட்டி, முள்கரண்டியால் அழுத்தித் தட்டில் அடுக்கினான்.

"கம்பித் தட்டை ஒரு படி கீழே இறக்கு. மேலே வெச்சா முகம் கருகும், வயிறு வேகாது."

அவன் அதை மேல்படியில்தான் வைத்திருந்தான். அவளிடம் சொல்லவில்லை. அக்காவுக்குத் தெரியாதா என்ன, எப்போதும் மேலேதானே வைப்போம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு இறக்கினான். பிறகு பேசிக்கொண்டிருந்தார்கள். சட்டையில் பட்டன் தைத்தாயா என்று கேட்டாள். ஜன்னல் ஓரத்துப் பலகையில் மழை அடிக்கிறது, துணியை நகர்த்து என்றாள். திரும்பிப் பார்த்தான். துணி நனைந்துகொண்டிருந்தது.

வெண்ணெய் வாசனை வீட்டை நிறைத்தது.

"ம்ம், வாசனை வந்துடுச்சு" என்றாள் போனில். "பின் வரிசையில இடது ஓரம் கருகுது பாரு. எடு, எடு."

கைத்துணியோடு ஓவனைத் திறந்தான். பின் வரிசையில், இடது ஓரத்தில் ஒரு பிஸ்கட் மட்டும் கருகத் தொடங்கியிருந்தது.

தட்டை மேடையில் வைத்துவிட்டுப் போனைப் பார்த்தான். "அக்கா, நீ எங்கே இருக்கே?"

"எங்கே இருப்பேன்? அடுப்படியிலதான்."

அழைப்பு மணி அடித்தது.

"திறக்காதே" என்றாள் உடனே. "சூடா இருக்கும்போது தொட்டா உடைஞ்சுடும். முதல்ல ஆறட்டும்."

கதவை யாரோ உள்ளங்கையால் தட்டினார்கள். "டேய் மொட்டை! கதவைத் திறடா. தொப்பலா நனைஞ்சுட்டோம். போன் காலையிலேயே சார்ஜ் இல்லாம செத்துப்போச்சு, இறங்குற அவசரத்துல அதையும் பஸ்லயே விட்டுட்டேன்."

அக்காவின் குரல்.

அவன் போனைக் கையில் எடுத்துக்கொண்டு கதவருகே போனான். தாழ்ப்பாளில் கை வைக்கத் தைரியம் வரவில்லை. பொதுவாக, இருவருக்கும் கேட்கிற மாதிரி, உரக்கக் கேட்டான்:

"முதல் நாள் ஸ்கூல்ல நான் அழுதப்போ எனக்கு என்ன கொடுத்தே?"

கதவுக்கு வெளியிலிருந்தும் கையிலிருந்தும் ஒரே நேரத்தில் பதில் வந்தது. ஒரே குரல், ஒரே இழுவை.

"என் கைக்குட்டையை. மூக்கைச் சிந்தித் திருப்பிக் கொடுத்தியே, நாசமாப் போறவனே."

அவன் சுவரில் சாய்ந்து நின்றான். வெளியே சின்னக் குரல் ஒன்று சிணுங்கியது.

"மாமா, எவ்ளோ படி! கால் வலிக்குது."

போனில் சத்தம் அடங்கியது. அதற்குள் இன்னும் சொட்டிக்கொண்டிருந்த குழாய்கூட நின்றுபோனது. பிறகு அக்காவின் குரல், மெதுவாக:

"யாருடா அது, குழந்தை?"

"உன் பொண்ணுதான்."

"எனக்கு ஏதுடா பொண்ணு? நான்தான் போகவே இல்லையே. உன்னை விட்டுட்டு எங்கே போவேன்?"

அவன் தாழ்ப்பாளைத் திறந்தான்.

வாசலில் அக்கா முடியிலிருந்து தண்ணீர் சொட்ட நின்றாள். ஒரு கையில் பை, மறுகையில் மகள். "கதவைத் திறக்க என்ன பரீட்சை வெக்கிறே?" என்று ஆரம்பித்தவள், அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அவன் போனை நீட்டினான். திரையில் அவளுடைய பெயர், அவளுடைய படம். அழைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

அக்கா எத்தனையோ மரணங்களைப் பக்கத்தில் நின்று பார்த்தவள். போனை வாங்கிக் காதில் வைத்தாள். "ஹலோ" என்றாள். அதன்பின் நெடுநேரம் கேட்டுக்கொண்டே நின்றாள். முகத்தில் பயம் வந்தது, பிறகு அது போய் வேறு என்னவோ வந்தது. நோயாளியின் படுக்கையருகே குனியும்போது வருகிற முகம். கடைசியில், "ஆமா, அவன் நல்லாத்தான் இருக்கான். நீ போய்ப் படு" என்று சொல்லிவிட்டுத் தொடர்பைத் துண்டித்தாள்.

"யாருக்கா?"

"குழந்தைக்குத் துண்டு கொண்டா முதல்ல."

பிஸ்கட் நன்றாகவே வந்திருந்தது. குழந்தை கால் மேல் கால் போட்டுத் தட்டில் பாதியைக் காலி செய்தது. அக்கா ஒன்றைக்கூடத் தொடவில்லை. அடுப்படிக்குப் போகவேண்டி வந்தபோதெல்லாம் தம்பியையும் கூட்டிக்கொண்டு போனாள். இரவுச் சாப்பாட்டைக் கடையிலிருந்து வாங்கிவரச் சொன்னாள்.

மறுநாள் மூவரும் பஸ் டிப்போவுக்குப் போனார்கள். தொலைந்த பொருள்களைப் பார்த்துக்கொள்ளும் கிளார்க், குடைகளும் டிபன் கேரியரும் கிடந்த பெட்டியிலிருந்து போனை எடுத்தார். "சீட்டுக்கு அடியில கிடந்ததும்மா. நேத்தே உள்ள வெச்சுப் பூட்டிட்டேன், யாரும் தொடலை. சார்ஜ் சுத்தமா இல்லை" என்றார்.

போனின் கறுப்புக் கண்ணாடியில் வெள்ளையாக ஒரு கட்டைவிரல் பதிந்திருந்தது. மாவு. அக்கா தன் விரலை அதன் மேல், தொடாமல், பிடித்துப் பார்த்தாள். அளவு சரியாக இருந்தது. துடைக்கவில்லை. அப்படியே கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் போட்டாள்.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் ஜன்னல் வழியே அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போன்ல அவ என்னதான் சொன்னா, சொல்லேன்" என்று கேட்டான்.

"திட்டினா. உன்னைத் தனியா விட்டுட்டேனாம். வேளாவேளைக்கு அவதான் உனக்கு ஆக்கி வெக்கிறாளாம், நீ பார்க்கவே மாட்டேங்கிறியாம்." அக்காவின் கண் கலங்கியது. "பாவம்டா அவ. ஆனா அவளோட நீ இருக்க வேணாம். அந்த வீட்டைக் காலி பண்ணு. எங்க ஊர்ல லிஃப்ட்டே இல்லையா என்ன?"

அவன் மறுக்கவில்லை. அடுத்த மாதம் வேலையை மாற்றிக்கொண்டு அக்கா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஓர் அறை பிடித்தான். ஓவனை மட்டும் எடுத்துவரவில்லை. காலி செய்யும் அன்று, சாமான் ஏற்றிய வண்டி கீழே காத்திருக்க, ஓவன் மட்டும் மிஞ்சிய அடுப்படியில் கொஞ்ச நேரம் நின்றான். என்ன சொல்வதென்று தெரியவில்லை. "நான் போயிட்டு வரேன்க்கா" என்றான். பிறகு, 'வரேன்' என்று சொல்லியிருக்கக் கூடாதோ என்று படி இறங்கும்போது தோன்றியது.